பதினேழாம் பக்கத்துச் சுரம்

பாதிரி தோட்டம் மூன்றாவது சந்தில் ஜி என்ற சுரம் தீர்ந்துபோனது ஜூலை மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு. தண்ணீர் லாரி சந்து முனையில் திரும்பியதும் ஓட்டுநர் வழக்கம்போல ஹாரனை அழுத்தினார், சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார், உள்ளங்கையால் ஓங்கி அடித்தார், அப்போதும் வரவில்லை. இருபத்தாறாம் எண் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம், எல்லாரும் அமலா என்று கூப்பிடுகிற பெண், வயது இருபத்தொன்று, லாரியைக் கண்டதும் என்றும் செய்வதுபோல எழுந்து நின்று கழுத்தை நீட்டி வாயைத் திறந்தாள், அவள் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. லாரி பதினோரு நிமிடம் நின்றது. அறுபத்தொரு வீடுகளில் ஒரு வீட்டிலிருந்துகூட ஒரு குடம் வெளியே வராததால், இந்தச் சந்துக்காரர்களுக்குத் தண்ணீர் தேவையில்லை போலிருக்கிறது என்று ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அமலோற்பவத்துக்குப் பேச்சு கிடையாது. காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், ஆனால் பிறந்த நாளிலிருந்து அவள் தொண்டையில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது, ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். லாரியின் ஹாரன் முதல் ஒன்பது வீடுகளுக்குத்தான் கேட்கும். மிச்சமிருந்த ஐம்பத்திரண்டு வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எட்டு வருடமாக அமலாவின் சத்தம்தான். அவள் கூப்பிட்டால்தான் தண்ணீர் வந்தது என்று அர்த்தம், அவள் கூப்பிடாமல் லாரியே வந்து நின்றாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்றைக்குப் பகல் முழுவதும் சந்தில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. குக்கர் விசில் ஏறிக்கொண்டே போய், நடுவில் ஓரிடத்தில் காணாமல்போய், மறுபடி மேலே போய்ச் சேர்ந்தது. பால்காரர் வேம்புலியின் குரலில் 'பா' வந்தது, 'ல்' வரவில்லை. முப்பத்துநான்காம் வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை துண்டு துண்டாக விழுந்தது. அம்மன் கோயில் பஜனைக்காரர்கள் ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தபோது, மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் மூன்றாவது கட்டை, மேலேயும் நடுவிலும் கீழேயும், மூன்று இடத்திலும் வெறும் காற்றாக ஊதியது. அதைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனார்கள், அவர் கடையில் அழுத்தியபோது கணீரென்று வந்தது, திரும்ப சந்துக்குள் கொண்டுவந்தால் காற்று. இரண்டாவது முறையும் பெட்டியோடு வந்து நின்றவர்களைப் பார்த்து அவர் சொன்னார்:

"பொட்டி நல்லாத்தான் கீது. உங்க தெருதான் ரிப்பேரு."

எதுவரைக்கும் ரிப்பேர் என்று அளந்துவிடலாம் என்று நான்கு பேர் ஆர்மோனியத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டையை அழுத்தியபடியே ஒவ்வோர் அடியாக நடந்தார்கள். இருபத்தாறாம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நூற்று நாற்பத்தெட்டாவது அடியில், சந்து முனையில் சிக்கந்தர் பாயின் டீக்கடைக்கு நடுவில், கட்டை பேசியது. கடையில் இரண்டு பெஞ்சுகள் இருந்தன. உள்பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ரேடியோப் பாட்டு ஓட்டை விழுந்ததாகவும், வெளிபெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு முழுசாகவும் கேட்டது. மறுநாளிலிருந்து பாட்டுக்காக வருகிறவர்கள் வெளிபெஞ்சிலும், பேப்பர் படிக்க வருகிறவர்கள் உள்பெஞ்சிலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தக் கட்டைக்கு ஆர்மோனியக்காரர் ஒரு பெயர் சொன்னார், அமலாவின் அப்பா பிலவேந்திரன் தன் சாக்ஸபோன் கணக்கில் அதை ஜி என்றார். வாத்தியத்துக்கு வாத்தியம் பெயர் மாறும் என்பது உண்மை. பெயருக்காகச் சண்டை எதற்கு என்று சந்து ஜி என்பதையே வைத்துக்கொண்டது, ஏனென்றால் அந்தச் சுரத்தோடு அதிகம் பழகியவர் பிலவேந்திரன்தான்.

"யார்னா ஒர்த்தர் ஓவரா செலவு பண்ணாத்தானே ஒண்ணு தீரும்?" என்று கேட்டாள் இருபத்தேழாம் வீட்டுக் கோமளா. கேட்டுவிட்டு அவளே அண்ணாந்து பக்கத்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். குழாயடியில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

பிலவேந்திரன் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிக்கிறவர், கல்யாண ஊர்வலம், தேர்ப் பவனி, சாவு, எதுவானாலும் வெள்ளைச் சட்டையில் பொன் நிறப் பட்டைகள் தைத்த சீருடையோடு முன்வரிசையில் மூன்றாவது ஆளாக நடப்பார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஹோட்டலில் கல்யாண வரவேற்பு. இவர்கள் செட் வாசலோடு நின்றுவிட்டது, உள்ளே ஜாஸ் வாசிக்கிற நான்கு பேர் இருந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்து மூடும் இடைவெளிகளில் பிலவேந்திரன் அதைக் கேட்டார். அங்கே சாக்ஸபோன் வாசித்தவர் முன்னால் காகிதம் இல்லை, கண் மூடியிருந்தது, ஒரு தடவை வாசித்ததை மறு தடவை வாசிக்கவில்லை. இடைவேளையில் அவர் புகை பிடிக்க வெளியே வந்தபோது, பிலவேந்திரன் சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் எழுதவில்லை, அந்தந்த நிமிடத்தில் தோன்றுவதுதான் என்றார் அவர். ஆனால் சும்மா தோன்றாது, அர்பெஜியோ பழக வேண்டும், தினமும் பழக வேண்டும்.

பியானோவில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தினால் அதற்குக் கார்டு என்று பெயர். சாக்ஸபோனில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும் என்பதால் அதே சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏறியும் இறங்கியும் வாசிக்க வேண்டும், அதுதான் அர்பெஜியோ. விரல்களுக்கு எல்லாக் கார்டும் மனப்பாடமாகிவிட்டால், அடியில் எந்தக் கார்டு ஓடினாலும் அதற்குள் எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியே வரலாம் என்று யோசிக்காமலே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு மனசுக்குத் தோன்றியதை வாசிக்கலாம். பிலவேந்திரனுக்கு இவ்வளவும் ஒரு சிகரெட் எரியும் நேரத்தில் புரிந்துவிட்டது. மறுவாரம் பழைய சாமான் கடையில் வாங்கிய, சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் மாட்டும் ரீடுகளைச் சுற்றியிருந்த தாள் ஓர் அர்பெஜியோப் புத்தகத்தின் பதினேழாம் பக்கமாக இருந்ததைக் கடவுள் கொடுத்தது என்றே எடுத்துக்கொண்டார்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஒரு பக்கத்தை மூன்று நாளில் படித்து முடித்தார். ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், உதாரணமாக ஜி. அந்தச் சுரம் இடம்பெறுகிற பன்னிரண்டு கார்டுகளையும், ஒவ்வொன்றையும் ஜியில் தொடங்கி ஜியில் முடித்து, பத்துப் பத்து முறை வாசிக்க வேண்டும். இதைத் தினமும் செய்ய வேண்டும். பக்கம் அதோடு முடிந்தது. பின்பக்கத்தில் கடைக்காரர் பசை தடவி வேறு தாள் ஒட்டியிருந்தார், பிய்த்தால் இந்தப் பக்கமும் கிழியும். பன்னிரண்டு சுரங்களும் அந்தப் பன்னிரண்டு கார்டுகளுக்குள் எங்கேயாவது ஓரிடத்தில் வந்துவிடுவதைச் சரிபார்த்து, இதுதான் முழு வித்தை என்று பிலவேந்திரன் முடிவு செய்தார்.

மாலை நான்கிலிருந்து ஆறு வரை, மாடியில் தகரக் கூரை அறையில், ஜன்னலைத் திறந்துவைத்து வாசித்தார். தொடங்கும்போது ஒரு ஜி, முடிக்கும்போது ஒரு ஜி, பன்னிரண்டு கார்டுக்கு இருபத்துநான்கு, பத்து முறைக்கு இருநூற்று நாற்பது. பெரிய வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை. இருபத்திரண்டு வருடத்துக்கு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற நாட்கள் ஐந்தையும் சேர்த்து, எண்ணாயிரத்துப் பதின்மூன்று நாள். பத்தொன்பது லட்சத்து இருபத்து மூவாயிரத்து நூற்றிருபது முறை அந்த ஒரே சுரம் அந்த ஒரே ஜன்னல் வழியாகச் சந்துக்குள் போயிருக்கிறது. தொடங்கிய மறுவருடம் அமலா பிறந்தாள். வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் அவள் கேட்டது அதுதான். அவளுக்கு அது வந்ததில் சந்தில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை.

ஒரு வாரத்தில் சந்து பழகிவிட்டது. லாரி ஓட்டுநர் வண்டியின் பக்கத் தகட்டில் இரும்புக் கம்பியால் ஏழு முறை அடிக்க ஆரம்பித்தார். வேம்புலி குரலைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார், பழைய பால்காரர் எங்கே என்று பத்து நாள் வரை அவரிடமே கேட்டார்கள். சந்துக்குள்ளேயே இருந்த சின்ன மாதா கோயிலில், பாட்டில் அந்த இடம் வரும்போது எல்லாரும் ஒன்றாக வாயை மூடி ஒன்றாகத் திறந்தார்கள். வெளியூரிலிருந்து பூசை வைக்க வந்த சாமியார், இவ்வளவு கட்டுப்பாடாகப் பாடுகிற சபையைத் தான் பார்த்ததில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார். நாற்பதாம் வீட்டில் கிழவர் இறந்தபோது அவர் மனைவியின் அழுகை நடுநடுவே அறுந்தது, அறுந்த இடங்களில் பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் அந்த அம்மாள் வேறெந்தச் சாவிலும் யாரும் தாங்கப்படாத அளவுக்குத் தாங்கப்பட்டாள்.

"சண்டைல பாதி வார்த்த வெளியவே வர மாட்டுது," என்றாள் கோமளா. "என் நாத்தனார நல்லா நாலு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன், முக்கியமான எடத்துல ஊமையாப் பூட்டேன். அவ சிரிச்சுட்டா. நானும் சிரிச்சுட்டேன். எட்டு வருசத்துச் சண்ட, போச்சு."

"ஒரு சொரந்தானே அண்ணே போச்சு," என்று வேம்புலி பிலவேந்திரனிடம் சொன்னார். "இன்னும் பதினொண்ணு கீதே. மனுசனுக்கு அது பத்தாதா?"

ஒருவர்கூட அவரைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் பிலவேந்திரனால் தாங்க முடியவில்லை. அவர் மகள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது போனால் வாயைத் திறந்தாள், காற்று வந்தது. தொண்டையைக் கையால் பிடித்துப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி திறந்தாள். பத்தாவது நாளுக்குப் பிறகு லாரியைப் பார்த்தாலும் எழுந்து நிற்பதை விட்டுவிட்டாள். மற்றவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று போனது, அவளுக்கு ஒன்றில் ஒன்று போனது.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை, டெரன்ஸ் என்ற பியானோக்காரர் வந்தார். வேப்பேரிக்காரர், ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கிறவர், பிலவேந்திரனை ஊர்வலங்களில் பார்த்துப் பழக்கம். சந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு சின்ன கீபோர்டைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறினார். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"பதினெட்டாம் பக்கம் எங்க மேன்?"

"இது ஒண்ணுதான் சார் கெடச்சது."

"இந்த புக் எங்க வீட்ல கீது மேன். இதுக்கு அடுத்த பக்கம் மொத வரி இன்னா தெரியுமா? ஒரு வாரம் ஆனதும் இந்த நோட்ட விட்டுட்டு அடுத்த நோட்டுக்குப் போ. ஒரே நோட்ல நிக்காதன்னு போட்டிருக்கான்."

பிலவேந்திரன் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"ஒரு வாரமா சார்?"

"ஒரே வாரம்."

வாரத்துக்கு ஒன்று என்று போயிருந்தால் பன்னிரண்டு வாரத்தில் ஒரு சுற்று. இருபத்திரண்டு வருடத்தில் தொண்ணூற்றைந்து சுற்று முழுசாகப் போய் இன்னும் நான்கு வாரம் மீதி இருந்திருக்கும். எல்லாச் சுரமும் சமமாகத் தேய்ந்திருக்கும், ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது. பிலவேந்திரன் இந்தக் கணக்கை மனசுக்குள் இரண்டு முறை போட்டார், இரண்டு முறையும் ஒரே விடைதான் வந்தது.

டெரன்ஸுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "விடு மேன், எட்த்து வாசி," என்று சொல்லிவிட்டு கீபோர்டை மடியில் வைத்துக் கார்டுகளை ஓட்ட ஆரம்பித்தார். பிலவேந்திரன் வாத்தியத்தை எடுத்தார். விரல்கள் பழக்கப்படி ஜியில் நுழையப் போயின, அங்கே வாசல் இல்லை. ஒரு சுரம் கீழே போய்த் தட்டின, அங்கேயிருந்து மேலே தாவின, பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டு சுற்றிவந்தன, இல்லாத ஓரிடத்தைத் தொடாமல் அதற்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போய் நின்றன. இருபத்திரண்டு வருடமாக வராதது அப்போது வந்தது. எங்கேயும் எழுதாதது, ஒரு தடவை வந்தது மறு தடவை வராதது, அந்தந்த நிமிடத்தில் பிறந்து அந்தந்த நிமிடத்தில் போனது. பதினான்கு நிமிடம் வாசித்தார். கீழே இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் துணிமேலேயே வைத்து மறந்து ஒரு வேட்டியைத் தீய்த்துவிட்டார், குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, நிறுத்த யாருக்கும் கை எழவில்லை. டெரன்ஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் மேன். இதுதான் ஜாஸு. அடுத்த சனிக்கிழம நம்ம ஹோட்டலுக்கு வர்ற, எங்களோட வாசிக்கிற."

பிலவேந்திரன் அப்போதுதான் எதிரே பார்த்தார். கதவோரத்தில் தரையில் உட்கார்ந்து அமலா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிச் சுற்றிப்போன அந்த இடம் வந்தபோதெல்லாம், அப்பாவுக்கு எடுத்துக்கொடுக்கலாம் என்று அவள் வாயைத் திறந்திருக்கிறாள். எத்தனை முறை திறந்தாளோ, அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததால் எண்ணவில்லை. இப்போதும் திறந்துதான் இருந்தது. அவர் சாக்ஸபோனைத் துடைத்து, பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டினார். அடுத்த சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போகவில்லை. பேண்டு செட்டுக்கும் போகவில்லை. பெட்டியை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அமலா சந்து முனையைத் தாண்டி வருடக்கணக்காகப் போனதில்லை, பெரிய ரோட்டு வண்டிகளைக் கண்டால் அவளுக்குப் பயம். அதனால் இருபத்தேழாம் நாள்தான் அது தெரியவந்தது. அவள் அம்மா பிரகாசி, தையல் கம்பெனியில் காஜா எடுக்கிறவள், மகளைத் தொண்டை டாக்டரிடம் காட்டலாம் என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக டீக்கடை தாண்டி பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு லாரி உரசுவதுபோலப் போனது, அமலா பயத்தில் வாயைத் திறந்தாள், சத்தம் வந்தது. அவளே திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். பிறகு மெல்ல எடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க நாற்பத்தொரு முறை விடாமல் கூவினாள், அவளைக் கட்டிக்கொண்டு பிரகாசி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போகவில்லை.

அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு அமலாவை பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து பிலவேந்திரனும் கூடப் போனார். நிழற்குடையின் கம்பத்தில் சாய்ந்து நின்று மகளின் சத்தத்தைக் கேட்பார். கோமளா ஒருநாள் வந்தாள், வேம்புலி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார், சிக்கந்தர் பாய் நாலு டீ கொடுத்தனுப்பினார். அமலா அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மாதத்துச் சத்தத்தைக் கொடுத்தாள்.

பதினோரு மாலை அப்படிப் போயின. முப்பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, வெளிபெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சண்டை பிடித்தார்கள், ரேடியோ இங்கேயும் ஓட்டையாகக் கேட்கிறது என்று. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி அளந்தார்கள். எல்லை ஒன்பது அடி வெளியே நகர்ந்திருந்தது. அன்று மாலை அமலாவின் சத்தம் வந்தது, ஆனால் தேய்ந்த ஈயப் பாத்திரம்போல மெலிந்து வந்தது. பிரகாசி கவலையோடு மகளின் முதுகைத் தடவினாள். அன்றைக்கு டீயோடு தானே வந்திருந்த சிக்கந்தர் பாய் மட்டும் அமலாவைப் பார்க்கவில்லை.

"பிலவேந்திரா," என்றார் மெதுவாக, "உன் வெரலப் பாரு."

பிலவேந்திரன் குனிந்து பார்த்தார். அவருடைய பத்து விரல்களும் தொடைமேல் ஓடிக்கொண்டிருந்தன. இடது கையில் மூன்று மூடின, திறந்தன, வலது கையில் மூன்று மூடின, ஏறின, இறங்கின, மறுபடி இடது கையில் மூன்று மூடின. பன்னிரண்டு கார்டு, ஜியில் தொடங்கி, ஜியில் முடித்து. அவர் கையை உதறினார். பாக்கெட்டில் போட்டார், பாக்கெட்டுக்குள் ஓடின. கம்பத்தை இறுக்கிப் பிடித்தார், கம்பத்தின்மேல் ஓடின. சிக்கந்தர் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினார், துண்டுக்குள்ளே ஒரு சின்னப் பிராணி மாட்டிக்கொண்டதுபோலத் துணி அசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை பகலில் பிலவேந்திரன் படுத்துத் தூங்கியபோது பிரகாசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தூக்கத்திலும் ஓடின. எண்ணிப் பார்த்தாள், ஒவ்வொரு கார்டும் பத்து முறை, குறையவில்லை. அவர் எழுந்து சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அரக்கோணத்துல எங்க அண்ணன் ஊட்ல பின்னாடி ஒரு ரூம்பு கீதாம். கேட்டுட்டேன்."

"எப்ப போலாம்?"

தட்டின் விளிம்பில் அவருடைய இடது கை விரல்கள் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"நான் வந்தா அங்கயும் தீந்துடும்," என்றார் பிலவேந்திரன்.

"நான் அத்த சொல்லலீங்க."

"நீ சொல்ல வாணாம்." ஒரு வாய் சோறு சாப்பிட்டார். "வெரல வெட்டிப் போட்டுடலாமான்னு கூடப் பாத்தேன். வெட்னா வெரலு நிக்கும். உள்ள ஓடுறது நிக்குமா?"

"நீங்க வேற எங்கனா போங்களேன். நாங்க இங்கயே இருக்கறோம். கொஞ்ச நாள் சும்மா உட்டா திரும்ப மொளைக்காதா?"

"மொளைக்கலாம். எத்தினி வருசம்? அதுவரிக்கும் பொண்ணு வாயத் தொறந்துகினு உக்காந்திருக்கணுமா?" தண்ணீரைக் குடித்தார். "வேற ஊருக்கு நான் போனா, அந்த ஊர்ல யாருக்கு அது ஒண்ணுதான் இருக்குதுன்னு நமக்குத் தெரியுமா? தீந்த எடத்துலயே தீத்தவன் இருக்கட்டும். நீங்க கெளம்புங்க."

அதற்குப் பிறகு எட்டு நாள் பிலவேந்திரன் டீக்கடை தாண்டிப் போகவில்லை. பிரகாசி மட்டும் மகளைக் கூட்டிப்போனாள். மூன்றாம் நாளில் சத்தம் கொஞ்சம் தேறியது, ஆறாம் நாளில் பழையபடி ஆனது. எல்லை மட்டும் உள்ளே திரும்பவில்லை, நகர்ந்த இடத்திலேயே நின்றது. ஆக, தேய்ந்தது தேறும், தீர்ந்தது தேறாது என்று சந்துக்குத் தெரிந்துவிட்டது. பிரகாசி துணிகளை இரண்டு பையில் அடுக்கினாள். கோமளா எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தாள், பாட்டிலை நீட்டிக்கொண்டே, "போற எடத்துலயும் தண்ணி வந்தா கூவுடி, நாங்க கம்பி சத்தத்துல எழுந்துக்கறோம்," என்றாள், சொல்லி முடிக்கும்போது அவள் குரலும் அந்த இடத்தில் விழுந்து காணாமல்போனது.

நாற்பத்தெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணிக்குப் புறப்பட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் போக பஸ் ஏற வேண்டும். முப்பது பேருக்குமேல் பஸ் நிறுத்தம் வரை போனார்கள். பிலவேந்திரன் எல்லைக்கு ஏழு அடி முன்னால், உள்பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். விரல்களைக் கோத்து மார்போடு இறுக்கி வைத்துக்கொண்டார். அமலா கொஞ்சதூரம் போனவள் திரும்பி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் தலையை ஆட்டினார். மறுபடி இழுத்தாள். மகளைத் தொட்டு அனுப்பக்கூட அவர் கோத்த கையைப் பிரிக்கவில்லை, நெற்றியால் அவள் நெற்றியை ஒருமுறை முட்டினார். பிரகாசி வந்து அவளைக் கூட்டிப்போனாள். பிரகாசி திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை, ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. அமலா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சந்துப் பக்கம் பார்த்தாள். அவள் வாய் திறந்தது.

சந்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து பின்னால் திரும்பியதை பிலவேந்திரன் பார்த்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை நின்றதைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. பஸ் நிறுத்தத்தில் நின்ற முப்பது பேரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கோமளா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. திறந்த வாய் மூடவில்லை, பஸ் திரும்புகிறவரை மூடவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கையில் டீ வடிகட்டியோடு நின்றிருந்த சிக்கந்தர் பாய் மெதுவாகத் திரும்பினார். இருவருக்கும் நடுவில் பத்தடிதான் இருந்தது.

"வந்துச்சா பாய்?" என்று கேட்டார் பிலவேந்திரன்.

"வந்துச்சு."

"சுத்தமா வந்துச்சா? எங்கயும் எறங்கலியே?"

சிக்கந்தர் பாய்க்கு சங்கீதம் தெரியாது. தெரிந்த வார்த்தையில் சொன்னார்.

"எறங்கல பிலவேந்திரா. புடிச்சது புடிச்ச எடத்துலயே நின்னுது."

பிலவேந்திரன் சரி என்று தலையை ஆட்டினார். பிறகு கோத்திருந்த விரல்களைப் பிரித்து, அவை போகிற போக்கில் போகட்டும் என்று விட்டுவிட்டு, சந்துக்குள் திரும்பி நடந்தார்.